மாடித்தோட்டக் குழுவில் ஊர்க்கதை: அழிப்பதா, திண்ணை போட்டுக் கொடுப்பதா?

வேப்பம்புண்ணாக்கு:
நம் டெலிகிராம் குழுவுக்கு ஒரே வரியில் ஒரு விதி முன்வைக்கிறேன். செடி, மண், விதை, பூச்சி, உரம், தண்ணீர், தொட்டி: இவற்றில் அடங்காத பதிவை அட்மின் அழிக்கட்டும். ஒரே ஆள் மூன்றாம் முறையும் போட்டால் ஒரு நாள் மியூட், அதாவது எழுதத் தடை.

காலை 6 முதல் 8 வரைதான் எல்லோரும் மாடிக்குப் போய்ச் செடியைப் பார்க்கிறார்கள், கேள்வியும் கேட்கிறார்கள். வணக்கப் படங்கள் வந்து குவிவதும் அதே நேரத்தில்தான். "செம்பருத்தியில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது, என்ன செய்ய?" என்று ஒருவர் படத்தோடு கேட்கிறார். அதன் கீழே இருபது பூப்படம் வந்து விழுந்தால் கேள்வி திரையைத் தாண்டிப் போய்விடும், பதில் தெரிந்தவர் கண்ணிலேயே படாது. மாவுப்பூச்சிக் குஞ்சுகள் அதற்குள் பக்கத்துத் தொட்டிக்கு ஊர்ந்துவிடும், எறும்பும் தூக்கிப் போகும். ஒரு வாரம் கழித்துப் பதில் கிடைத்தால் கிளையையே வெட்ட வேண்டிய நிலை. பொழுதுபோக்குக் குழுதானே என்று இதை விட முடியாது.

முல்லைப்பந்தல்:
அண்ணா, கேள்வி புதைஞ்சு போகுதுங்கறது உண்மை. அழிச்சா அது தீரும்ங்கறதைத்தான் என்னால ஒத்துக்க முடியல.

எந்தக் குழுவா இருந்தாலும் கேக்கறவங்க நிறைய, சரியா பதில் சொல்றவங்க கொஞ்சம். இலையைப் பாத்ததும் இது இரும்புச்சத்து குறைவு, இது சிலந்திப்பேன்னு பிரிச்சுச் சொல்றவங்க நாலஞ்சு பேர் தேறுவாங்க. சம்பளமா வாங்கறாங்க? சாயங்காலம் நாலு பேரோட பேசலாம்னுதான் குழுவைத் திறக்கறாங்க, திறந்தப்ப கேள்வி கண்ணுல படுது. பேச்சை எடுத்துட்டா அவங்களுக்கு அது வெறும் மனு வாங்கற கவுண்டர் ஆயிடும். முதல்ல விலகறது அவங்களாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு, உங்க ஏழு சொல்லுக்குள்ள மழை இருக்கா? ஐப்பசியில "தாம்பரத்துல கொட்டுது"ன்னு ஒருத்தர் போட்டா அது ஊர்க்கதைன்னு அழிப்பீங்க. ஆனா அந்த வட்டாரத்துல இருக்கறவங்க அதைப் பாத்துத்தான் தண்ணி ஊத்தறதை நிறுத்துவாங்க, தொட்டியோட வடிகால் ஓட்டையைக் குத்தி விடுவாங்க, உரம் போடறதைத் தள்ளி வைப்பாங்க. மழைக்கு முன்னாடி உரம் போட்டா கரைஞ்சு ஓடிரும்.

குழுவுல பேச்சைத் தலைப்புவாரியா பிரிக்கற டாபிக் வசதி இருக்கு. 'திண்ணை'ன்னு ஒண்ணு திறந்து விடுங்க. பேச்சு அங்க நடக்கட்டும்.

மண்புழு:
இரண்டு பேருமே கருவியின் வரம்பைப் பார்க்காமல் பேசுகிறீர்கள். டெலிகிராமில் என்ன முடியும், என்ன முடியாது என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

டாபிக் வசதியைத் திறந்தால் தனித்தனிக் கிளை வரும். ஒவ்வொரு கிளையின் அறிவிப்பு ஒலியையும் அவரவர் தனியாக நிறுத்திக்கொள்ளலாம். திண்ணை யோசனைக்குப் பெரிய பலம் இதுதான்: பேச்சு வேண்டாதவர் திண்ணையை மட்டும் மியூட் செய்வார், பூச்சிக் கிளை ஒலிக்கும். ஒரு கிளையை மூடி வைத்தால் அதில் அட்மின் மட்டும் எழுதலாம். அறிவிப்புக் கிளைக்கு அது போதும்.

இனி முடியாதவை. ஒரு கிளையில் வந்த பதிவை இன்னொன்றுக்கு நகர்த்த வழியில்லை. ஃபார்வர்ட் செய்துவிட்டுப் பழையதை அழிக்க வேண்டும். அப்படிச் செய்தால் ரிப்ளைச் சங்கிலி அறுந்துவிடும். புதிய இடத்தில் யாராவது பதில் எழுதினால் அறிவிப்பு ஃபார்வர்ட் செய்த அட்மினுக்குப் போகும், கேள்வி கேட்டவருக்குப் போகாது. அவர் "யாருமே பதில் சொல்லவில்லை" என்று நினைத்துக்கொண்டிருப்பார். அதனால் தோட்டக் கேள்வி தப்பான கிளையில் வந்திருந்தால் அதை நகர்த்தவே கூடாது, வந்த இடத்திலேயே பதில் சொல்லி முடிக்க வேண்டும். பேச்சை மட்டும் திண்ணைக்கு அனுப்பலாம், அறுந்தாலும் நஷ்டமில்லை.

ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையில் ஒருவரைக் காக்க வைக்கும் ஸ்லோ மோடு முழுக் குழுவுக்கும் சேர்த்துத்தான். திண்ணைக்கு மட்டும் 5 நிமிட இடைவெளி வைக்க முடியாது. வைத்தால் பூச்சிப் படம் போட்டவர் "எந்த உரம் போட்டீர்கள்?" என்ற மறுகேள்விக்கு விடை எழுத 5 நிமிடம் காத்திருப்பார். படத்தை, ஸ்டிக்கரைத் தடுக்கும் அனுமதியும் இப்படியே, கிளைவாரியாகப் பிரிக்க முடியாது.

அழிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வாட்ஸ்அப்பில் அட்மின் அழித்தால் அழித்த தடம் தெரியும். டெலிகிராமில் சுவடே இருக்காது. எழுதியவர் நெட் போய்விட்டதென்று நினைத்து மறுபடி போடுவார். வேப்பம்புண்ணாக்கு ஐயா சொன்ன மூன்று முறைக் கணக்கு இதனாலேயே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், காரணம் தெரியாமலே அவர் மியூட் ஆவார். ஆகவே அழிக்கும் முன் பெயர் சுட்டி ஒரு வரி: "இது திண்ணைக்கு உரியது, 10 நிமிடத்தில் இங்கிருந்து எடுக்கிறேன்." பிறகுதான் அழிப்பு. எந்த அட்மின் எதை அழித்தார் என்ற பதிவேடு 48 மணி நேரம் வரைதான் இருக்கும், புகார் வந்தால் அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

ஆடிப்பட்டம்:
குறிப்பிட்ட சொல் வந்தால் பதிவைத் தானே அழிக்கும் சொல்வடிகட்டி பாட் போட்டால் அட்மின் வேலை பாதி குறையுமே? 'விற்பனை', 'மருந்து', கட்சிப் பெயர்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்துவிடலாம்.

மண்புழு:
தமிழுக்கு அது சரிப்படாது சகோ. முழுச்சொல்லை மட்டும் பார்க்கும்படி வைத்தால் 'விலை' மாட்டும், 'விலைக்கு', 'விலையில்' தப்பிவிடும். எங்கே வந்தாலும் பிடி என்று வைத்தால் 'மருந்து' என்பதற்காகப் 'பூச்சிமருந்து' எல்லாம் அழியும். வயதானவர்கள் பலர் குரல்பதிவுதான் அனுப்புகிறார்கள், அதற்குள் பாட் நுழையாது. வெளிச்சுட்டிகளையும், புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளில் போடும் ஃபார்வர்டுகளையும் தடுக்க மட்டும் பாட் போதும்.

வேப்பம்புண்ணாக்கு:
நகர்த்தும் சிக்கலை ஏற்கிறேன். அழிக்கும் முன் ஒரு வரி என்பதையும் ஏற்கிறேன். திண்ணையை இன்னும் ஏற்கவில்லை.

திண்ணை என்றால் எதையும் பேசலாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். காவிரியில் தொடங்கும், கட்சியில் முடியும். அங்கே முறைத்துக்கொண்ட இருவர் மறுநாள் பஞ்சகவ்யக் கேள்விக்குக் கீழும் முறைத்துக்கொள்வார்கள். திண்ணை வைத்தால் அதற்கும் காவல் வேண்டும், வேலை இரட்டிப்பு.

அதைவிட மோசம் கைவைத்தியம். "சர்க்கரைக்கு நித்தியகல்யாணி இலை நாலு மெல்லுங்கள்" என்று ஃபார்வர்ட் வருகிறது. மாடியில் வளரும் செடிதானே என்று யாரும் தடுப்பதில்லை. புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் அந்தச் செடியிலிருந்துதான் எடுக்கப்பட்டன, அவ்வளவு வீரியம். மருத்துவர் அளந்து ஏற்றும் பொருள் இருக்கிற செடியை இலைக்கணக்கில் மெல்லச் சொல்வதற்கு எந்தக் கிளையிலும் இடம் கூடாது.

முல்லைப்பந்தல்:
கைவைத்தியத்துல உங்க பக்கம்தான் நான். அதுக்கு 10 நிமிஷம் அவகாசமும் வேண்டாம், பாத்த உடனே எடுங்க, எடுத்த காரணத்தையும் எழுதுங்க. கட்சி, சாதி, மதம் திண்ணையிலயும் கூடாதுன்னு பின் பண்ணிடுங்க. அது போக வீட்டு விசேஷம், ஊர்த் திருவிழா, புதுசா வாங்கின கேமரா, இதெல்லாம் யாருக்கு என்ன கெடுதல்?

ஆடிப்பட்டம்:
இது புதுச் சண்டையும் இல்லை. 1980களில் கணினி வழி நடந்த யூஸ்நெட் உரையாடல் குழுக்களிலும் இதே தலைவலிதான். 1987 வாக்கில் முடிந்த குழுப் பெயர் மாற்றத்தில் பொழுதுபோக்குக்கு 'ரெக்' என்று ஒரு கிளையும், முடிவில்லாத வாதங்களுக்கு 'டாக்' என்று ஒரு கிளையும் பிரித்தார்கள். 'டாக்' வேண்டாத கணினி நிலையங்கள் அதை மட்டும் வாங்காமல் விட முடிந்தது. மண்புழு சொன்ன தனி மியூட்டுக்கு அதுதான் முன்னோடி. தடுப்பதை விட, வேண்டாதவர் எளிதில் விலகிக்கொள்ள வழி செய்ததுதான் அங்கே பலித்தது.

"திண்ணையில் யாராவது தப்பாக எழுதினால் அட்மினைப் பிடிப்பார்கள்" என்ற பயமும் சிலருக்கு இருக்கிறது. உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மினாக இருக்கிற ஒரே காரணத்தால் குற்றப்பொறுப்பு வராது என்று 2021இல் பம்பாய் உயர் நீதிமன்ற நாக்பூர்க் கிளையும், 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் வாட்ஸ்அப் வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. தெரிந்தே துணைபோனால் அது வேறு.

மண்புழு:
கேள்வி புதைவதற்கு இன்னொரு காரணத்தை யாருமே தொடவில்லை: ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது. ஆடி மாத விதைப்பு தொடங்கினால் வணக்கப் படத்தை விட "விதை முளைக்கவில்லை" தான் அதிகம். ஊர்க்கதையை முழுக்க அழித்தாலும் அது அப்படியேதான் இருக்கும்.

பூச்சிக் கிளையின் உச்சியில் அளவோடு பதிலைப் பின் செய்து வைக்கலாம். மாவுப்பூச்சிக்கு: முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மெழுகுப்படலத்தைக் கழுவு. 1 லிட்டர் தண்ணீரில் 1 அல்லது 2 மில்லி சோப்புக் கரைசலை முதலில் கலக்கி, அதன்பின் 5 மில்லி வேப்பெண்ணெய் (சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசித் தெளிப்பில் இலை கருகும்). வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளி. முட்டை தப்பிப் பொரிக்கும் என்பதால் 7 நாளில் மறுபடி. எறும்பை ஒழி. இது மேலே நின்றால், கேள்வி புதைந்துபோனவருக்கும் பதில் கிடைத்துவிடும்.

இன்னொன்று: கேட்பவர் முதல் சொல்லாகக் 'கேள்வி' என்று எழுதட்டும். இரவு 9 மணிக்கு ஒரு அட்மின் அந்தச் சொல்லைத் தேடி, விடை வராதவற்றுக்கு ரிப்ளை போட்டு மேலே கொண்டுவரட்டும். ரிப்ளை என்பதால் கேட்டவருக்கும் தெரியும், சங்கிலியும் அறாது. 10 நிமிட வேலை.

வேப்பம்புண்ணாக்கு:
சரி, மார்கழி முடியும் வரை திண்ணையைத் திறந்து பாருங்கள். இரவு 9 மணித் தேடலில் விடையில்லாக் கேள்வி இப்போது எத்தனை என்று இன்றிலிருந்தே எண்ணி வையுங்கள். அந்த எண்ணிக்கை குறையாவிட்டால் என் விதியைத் திரும்ப எடுப்பேன். வணக்கப் படத்துக்குத் திண்ணையிலும் இடமில்லை, அது பேச்சே அல்ல. மழைச் செய்தி எங்கும் இருக்கலாம். சமையல் குறிப்பு மட்டும் திண்ணைக்குத்தான் போக வேண்டும், அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

முல்லைப்பந்தல்:
அதுல நானும் இறங்கல அண்ணா. வெண்டைக்காயை எப்பப் பறிக்கணும்னு கேட்டா முனையை ஒடிச்சுப் பாருன்னுதான் சொல்லுவோம். பட்டுனு ஒடிஞ்சா பிஞ்சு, வளைஞ்சா முத்தல். அது அடுப்படியில இருந்து தோட்டத்துக்கு வந்த கணக்கு. 'அறுவடை'ன்னு ஒரு கிளை போடுங்க, சமையல் அங்க வரட்டும்.