கோபே நகரில் ஓர் இரவு உணவு: தெப்பன்யாகி உணவகத்துக்கு அவ்வளவு செலவு தகுமா?

பயணப்பை:
வணக்கம். வரும் நவம்பரில் நானும் என் கணவரும் ஜப்பான் செல்கிறோம். ஒசாகாவில் தங்கிக்கொண்டு, ஒரு நாள் கோபே நகருக்குப் போய்வரத் திட்டமிட்டிருக்கிறோம். சமையல்காரர் நம் கண்ணெதிரே பெரிய இரும்புத் தகட்டில் வாக்யூ எனும் ஜப்பானிய இன மாட்டின் இறைச்சியை வாட்டித் தரும் தெப்பன்யாகி உணவகம் ஒன்றில் இரவு உணவுக்கு இடம் பதிவு செய்யலாம் என்று அவர் ஆசைப்படுகிறார். இருவரும் மாட்டிறைச்சியை விரும்பி உண்பவர்கள்தாம். ஆனால் அந்த ஒரு வேளை உணவின் விலை எங்கள் பல நாள் சாப்பாட்டுச் செலவை விழுங்கிவிடும் போலிருக்கிறது. போய்வந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தெற்குவாசல்:
தயங்காமல் போய் வாருங்கள். ஓர் உணவை அது பிறந்த ஊரிலேயே உண்பதற்குக் கிடைக்கும் வாய்ப்புகள் மிகச் சில. 1945ல் கோபேயில் தொடங்கிய மிசோனோ என்ற உணவகந்தான் இரும்புத் தகட்டில் ஸ்டேக் வாட்டும் இந்த முறையின் தொடக்கம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் இறாலைத் தூக்கி எறிந்து பிடிப்பதும் வெங்காயத்தை அடுக்கித் தீ மூட்டுவதுமாக நடக்கும் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அது 1964ல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பெனிஹானாவின் வழி வந்தது. கோபேயில் சமையல்காரர் அதிகம் பேசுவதே இல்லை.

முதலில் சமைக்காத இறைச்சித் துண்டை ஒரு தட்டில் வைத்து உங்களிடம் காட்டுவார். பிறகு மெல்லிதாக அரிந்த பூண்டை எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து ஓரமாக ஒதுக்கி வைப்பார். இறைச்சியின் எல்லாப் பக்கங்களையும் வாட்டியபின், கையால் தொடாமல், கத்தியும் முள்கரண்டியும் கொண்டே ஒரு வாய் அளவுத் துண்டுகளாக அரிந்து வைப்பார். உப்பு, மிளகு, காரமான வசாபி விழுது, புளிப்பான சோயா சாறாகிய பொன்சு என்று தொட்டுக்கொள்ள வரிசையாக இருக்கும். முதல் துண்டை உப்போடு மட்டும் உண்டு பாருங்கள். ஓரத்தில் வெட்டி நீக்கிய கொழுப்பையும் வீணாக்காமல், பொடியாக நறுக்கி மொறுமொறுப்பாகும் வரை விட்டு, அதிலேயே முளைப்பயற்றைப் புரட்டித் தருவார்கள். அந்தக் கைத்திறனைப் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பதும் விலையில் அடங்கியதுதான்.

கரிசல்காட்டான்:
தெற்குவாசல் அவர்கள் கைத்திறனைப் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் பணத்தைப் பற்றியல்லவா கேட்டார்? ஸ்டேக் என்று நாம் விரும்பி உண்பது மென்று சுவைக்கும் இறைச்சியை. கோபே மாட்டிறைச்சியில் சதைக்குள் வெண்கொழுப்பு வலைபோலப் பின்னிக் கிடக்கிறது. அது வாயில் வைத்ததும் கரைகிறது. முதல் இரண்டு மூன்று துண்டுகள் வியப்பைத் தரும் என்பது உண்மை. நூறு கிராமைத் தாண்டியதும் நாக்கு திகட்டிவிடுகிறது, அதன்பின் உண்பதெல்லாம் கொடுத்த காசுக்காக உண்பதுதான்.

இந்தக் கொழுப்பு வெறியும் பழமையான மரபு அன்று. 1991ல் ஜப்பான் மாட்டிறைச்சி இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது, மலிவான அமெரிக்க, ஆஸ்திரேலிய இறைச்சியோடு விலையில் போட்டியிட முடியாத உள்ளூர் விவசாயிகள், அந்நாட்டவரால் எளிதில் தர முடியாத ஒன்றை நோக்கி மேலும் வேகமாக நகர்ந்தார்கள். அந்த ஒன்றுதான் இந்தக் கொழுப்பு. தரம் பிரிக்கும் முறையும் அதற்கே அதிக மதிப்பெண் கொடுத்தது, விலையும் அதன் பின்னாலேயே ஏறியது. அந்தப் போட்டியின் செலவை ஒரு பயணி ஏன் சுமக்க வேண்டும்?

தெற்குவாசல்:
கொழுப்பு கூடியதற்கு வணிகக் காரணம் உண்டு என்பதை ஏற்கிறேன். அதற்காக இதற்கு மரபே இல்லை என்பதை ஏற்க முடியாது. கோபே அமைந்துள்ள ஹியோகோ மாநிலத்தின் வடக்கே, மலைகளுக்கு நடுவில் இருக்கும் தஜிமா பகுதியின் கறுப்பு மாடுகள் பல நூற்றாண்டுகளாக அங்கே ஏர் உழுதவை. 1868ல் கோபே துறைமுகம் வெளிநாட்டாருக்குத் திறக்கப்பட்டபின் வந்து குடியேறியவர்களின் தேவைக்காகவே அந்த மாடுகள் இறைச்சிக்கு வந்தன. மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868-1912) நாடெங்கும் ஐரோப்பிய மாடுகளோடு கலப்பினம் உண்டாக்கியபோது, ஒதுங்கிக் கிடந்த அந்தப் பள்ளத்தாக்குகளில்தான் பழைய இரத்தம் தப்பியது. 1939ல் அங்கே பிறந்த தஜிரி என்ற ஒரே காளையின் வழித்தோன்றல்கள்தாம் இன்று ஜப்பானின் கறுப்பு வாக்யூ பசுக்களில் ஏறத்தாழ அனைத்தும். தஜிமாவில் அந்தக் காளை பிறந்த மிகாதா வட்டாரத்தின் மாடு வளர்ப்பு முறையை ஐக்கிய நாடுகள் அவையின் உணவு, வேளாண்மை அமைப்பு 2023ல் உலக வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு வேளைக்குக் கொடுக்கும் பணம் உணவகத்தின் வாடகைக்கு மட்டும் போவதில்லை. மலைச்சரிவில் சில மாடுகளை மட்டும் வைத்துக் கன்று வளர்த்து ஏலத்துக்குக் கொண்டுவரும் வயதான விவசாயிக்கும் அதில் ஒரு பங்கு போகிறது.

ஒசாகாவாசி:
வேலை நிமித்தம் ஒசாகாவில் வசிக்கிறேன். இருவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. எனினும் பணம் கொடுக்கும் முன் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்வது முக்கியம் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன்.

கோபே இறைச்சி என்ற பெயருக்கு உரிமை பெற, தஜிமா வழிவந்த மாடு ஹியோகோவிலேயே பிறந்து வளர்ந்து, அங்குள்ள கூடத்திலேயே அறுக்கப்பட்டு, கொழுப்பு வரியை அளக்கும் 12 படி அளவுகோலில் 6 அல்லது அதற்கு மேல் பெற வேண்டும். தஜிமா மாடு எல்லாமே இதில் தேறிவிடுவதில்லை. உச்ச தரத்தைக் குறிக்கும் ஏ5 என்று பலகையில் பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் ஏ என்ற எழுத்து உடலிலிருந்து எவ்வளவு இறைச்சி தேறும் என்பதை மட்டுமே காட்டுகிறது. அது இறைச்சி வியாபாரிக்குப் பயன்படும் கணக்கு. உண்பவரின் நாக்குக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஜப்பானில் ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க எண் உண்டு. முறையாக நடத்தும் கடை, அன்று வாட்டும் இறைச்சியின் எண்ணை எழுதி வைத்திருக்கும். அதை அரசு சார்ந்த இணையதளத்தில் இட்டால் மாடு பிறந்த தேதி, இனம், வளர்ந்த இடங்கள் எல்லாம் தெரிந்துவிடும். வெறுமனே வாக்யூ என்று மட்டும் எழுதியிருந்தால் அது கோபே இறைச்சி என்று நீங்களாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று, பல தெப்பன்யாகி உணவகங்கள் பகலிலும் திறந்திருக்கின்றன. அதே சமையல்காரர், அதே தகடு. அளவும் உடன்வரும் பதார்த்தங்களும் சற்றுக் குறையும், விலையோ வெகுவாகக் குறையும்.

கரிசல்காட்டான்:
ஒசாகாவாசி அவர்களுக்கு நன்றி. ஆனால் அந்த 10 இலக்க எண் மாடு எங்கே பிறந்தது என்று சொல்லுமே தவிர, எப்படி வளர்ந்தது என்று சொல்வதில்லை. பீர் கொடுக்கிறார்கள், இசை கேட்கச் செய்கிறார்கள், உடம்பு பிடித்துவிடுகிறார்கள் என்றெல்லாம் பயணிகளிடம் பரவியிருக்கும் கதைகள் ஒரு முக்கியமான செய்தியை மறைத்துவிடுகின்றன. கொழுக்க வைக்கும் காலத்தில் தீவனத்தில் வைட்டமின் ஏ சத்தைக் குறைத்தால் சதைக்குள் கொழுப்பு அதிகமாகப் படியும் என்பது ஜப்பானிய வாக்யூ வளர்ப்பில் நன்கு அறியப்பட்ட உத்தி. அளவு மீறிக் குறைந்தால் மாட்டின் கால்கள் வீங்கும், கண்பார்வை போகும். தெற்குவாசல் அவர்கள் போற்றும் மலைச்சரிவு கன்றுப் பருவத்தோடு முடிந்துவிடுகிறது. ஏலத்துக்குப் பின் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தொழுவத்தில் தானியத் தீவனம்தான்.

மேய்ந்து வளர்ந்த ஜப்பானிய மாட்டை உண்ண வேண்டுமானால் தெற்கே கியூஷு தீவில் உள்ள குமமோதோவின் அசோ புல்வெளிக்குப் போகலாம். ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த மேய்ச்சல் நிலத்தைத் தீயிட்டுப் புதுப்புல் வளர்க்கிறார்கள். அங்கே மேயும் செவலை மாடுகளும் வாக்யூவில் ஓர் இனமே. கொழுப்பு குறைவு, சதையின் சுவை கூடுதல். நடுவில் சிவப்பு மாறாமல் வாட்டி, சோற்றின் மேல் அரிந்து அடுக்கித் தரும் ஒரு கிண்ணம் கோபேயின் இரவு விலையில் மிகச் சிறிய பகுதிக்குக் கிடைக்கும்.

தெற்குவாசல்:
கண்பார்வை பற்றிய கவலை நியாயமானது. நானும் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்வை போன மாடு தீவனமும் சரியாக எடுக்காது என்பதால், கவனமுள்ள பண்ணையாளர்கள் இரத்தப் பரிசோதனை செய்து அந்த அளவைக் கண்காணிக்கிறார்கள். எல்லாப் பண்ணைகளிலும் அப்படித்தான் என்று உறுதி கூற என்னால் முடியாது. ஆயினும் உலகில் உண்ணப்படும் மாட்டிறைச்சியில் பெரும்பங்கு எந்தத் தொழுவத்திலிருந்து வந்தது என்ற தடயமே இல்லாமல் தட்டுக்கு வருகிறது. எண் எழுதிய இறைச்சியைக் குறைவாக உண்பவரைவிட, எண்ணில்லாத இறைச்சியை நிறைய உண்பவரிடமே இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

திகட்டும் என்று சொன்னீர்கள். நெய் ஊற்றிய பொங்கலை யாரும் குண்டான் கணக்கில் உண்பதில்லை. இதுவும் அளவறிந்து உண்ண வேண்டிய பண்டம். ஆளுக்கு நூறு கிராம் கேளுங்கள். நடுநடுவே முளைப்பயறும் ஊறுகாயும், கடைசியில் அதே தகட்டில் கிளறிய பூண்டுச் சோறும் இருக்கின்றன. இருநூறு கிராம் வாங்கி உண்டுவிட்டு இறைச்சியின் மேல் குறை சொல்வது சரியாகாது.

பயணப்பை:
அனைவருக்கும் நன்றி. தஜிமாவின் வரலாறும் வைட்டமின் பற்றிய செய்தியும் எங்கள் இருவருக்குமே புதியவை. நேற்று இரவு முழுக்க இதைப் பற்றியே பேசினோம். இரவு உணவை விட்டுவிட்டுப் பகலில் போவதென்றும், ஆளுக்கு மிகச் சிறிய அளவையே கேட்பதென்றும் முடிவு செய்திருக்கிறோம். கொழுப்பு குறைவான பகுதியைக் கேட்டால் தருவார்களா?

ஒசாகாவாசி:
தருவார்கள். கொழுப்பு மிகுந்த முதுகுப் பகுதியான சர்லாயினுக்குப் பதில் மென்மையான உள்சதையான பில்லே கேட்கலாம், ஆனால் விலை கூடும். தொடைப் பகுதி இறைச்சி சில கடைகளில் பகல் பட்டியலிலேயே இருக்கும். அதுவே மலிவு, மெல்லவும் கொஞ்சம் சதை இருக்கும். முன்பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் பல கடைகள் முழுத் தொகையையும் பிடித்துக்கொள்ளும் என்பதால், பதிவின்போதே நேரத்தையும் ரத்து விதிகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த இடங்களில் சேவைக் கட்டணம் ரசீதிலேயே சேர்ந்திருக்கும்; தனியாக அன்பளிப்புப் பணம் வைக்க வேண்டியதில்லை.

கரிசல்காட்டான்:
பகல் உணவு என்றால் என் எதிர்ப்பு பாதியாகக் குறைகிறது, மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. உங்கள் பயணம் கியூஷு வரை நீளுமானால், கோபேயின் ஷின்கோபே நிலையத்திலிருந்து குமமோதோவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயில் நேராகவே செல்கிறது, சுமார் மூன்று மணி நேரப் பயணம். தெப்பன்யாகியை உண்ட சில நாட்களுக்குள்ளேயே அசோவின் செவலை மாட்டிறைச்சியையும் உண்டுவிட்டு, எது ஸ்டேக் என்று இங்கே வந்து எழுதுங்கள்.

தெற்குவாசல்:
எழுதும்போது கோபேயில் உண்ட இறைச்சியின் எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த மாடு எந்த ஊரில் பிறந்தது, யாருடைய தொழுவத்தில் எத்தனை மாதம் இருந்தது என்று பார்த்துவிட்டே கரிசல்காட்டான் அவர்களோடு மேற்கொண்டு பேச விரும்புகிறேன்.