வெள்ளிக்கிழமை கான்கிரீட், ஞாயித்துக்கிழமை வளைகாப்பு

குழு: பெரிய வீடு (உள்ளகரம்)
செவ்வாய்க்கிழமை

பிரபு, காலை 7:08
வெள்ளிக்கிழமை நம்ம தெருவுல கான்கிரீட் போடுறாங்களாம். சூப்பர்வைசர் இப்பதான் சொல்லிட்டுப் போறார்

குமார் மாமா, 7:10
10:30க்கு ஆரம்பிப்பான் பாரு. கரெக்டா ராகு காலம்

மீனா அத்தை, 7:11
ஐயோ ஞாயிறு திவ்யா வளைகாப்பாச்சே

ராஜி பெரியம்மா, 7:15
இத்தனை மாசமா தோண்டிப் போட்டுட்டு நம்ம வீட்டு விசேஷம்னதும் வேகம் வருதா அவனுக்கு. அடுத்த வாரம் போடச் சொல்லு பிரபு

சபா சித்தப்பா, 7:34
எல்லாரும் முழுசா படிங்க. கான்கிரீட் போட்டா ஒரு நாள் கழிச்சு ஆள் நடக்கலாம். டூவீலருக்கு 7 நாள். கார், வேனுக்கு 28 நாள். 7 நாள்ல முழு பலத்துல சுமார் 65 சதவீதம்தான் வந்திருக்கும், அதுல சமையல் வண்டி ஏறினா முதல்ல ஓரம் உடையும். அதனால வெள்ளிக்கிழமை நம்ம வாசல்ல போடக்கூடாது. ஆனா அப்படியே விட்டாலும் வண்டி வராது. டிரெயினேஜ் குழாய் போட்டுட்டு, எடுத்த களிமண்ணையே மொத்தமா தள்ளி மூடியிருக்கான். 15, 20 சென்டிமீட்டர் அடுக்கா போட்டு, தண்ணி விட்டு, இடிச்சு மூடியிருக்கணும். இப்ப ஒரு மழை பெஞ்சா குழாய் போன கோட்டுலயே உள்வாங்கும், டயரும் அதுலதான் இறங்கும்.

குமார் மாமா, 7:36
மச்சான் ரிட்டையர் ஆனது ஆபீசுக்கு மட்டும்தான்

பிரபு, 7:37
அப்ப என்னதான் பண்றது சித்தப்பா. இரும்புத் தகடு போட்டா?

சபா சித்தப்பா, 7:41
8க்கு 4 அடி, 12 மி.மீ. தகடு ஒண்ணே 280 கிலோ. அதைத் தூக்கிப் போட ஜேசிபி வேணும்.

திவ்யா அக்கா, 7:42
மண்டபம் பாத்துரலாம்மா

ராஜி பெரியம்மா, 7:43
முதல் வளைகாப்பு வீட்லதான்

மீனா அத்தை, 7:45
எனக்கு மண்டபத்துலதான் பண்ணாங்க அண்ணி. அப்ப யாரும் வீட்லதான்னு சொல்லலை

மீனா அத்தை, 7:46
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குமார் மாமா, 7:46
படிச்சாச்சு

சபா சித்தப்பா, 8:02
கணக்கு பாருங்க. தெரு நீளம் 120 மீட்டர், அகலம் மூணரை, கனம் 15 செ.மீ. மொத்தம் 63 கன மீட்டர். ஒரு மிக்ஸர் லாரிக்கு 6 கன மீட்டர்னா 10, 11 லோடு. ஒரே நாள்ல அவனால முடியாது. எப்படியும் பாதிப் பாதியாத்தான் போடுவான். ஸ்கூல் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க. நம்ம பக்கம், பிள்ளையார் கோயில் வரைக்கும், திங்கட்கிழமை போடட்டும். வியாழனுக்குள்ள நம்ம பக்கம் வெட் மிக்ஸ், அதாவது தண்ணி கலந்த ஜல்லிக் கலவை கொட்டி, தண்ணி தெளிச்சு, ரோலர் ஓட்டட்டும். அது கான்கிரீட்டுக்கு அடியில எப்படியும் அவன் போட வேண்டியதுதான், கூடுதல் செலவு கிடையாது. ரோலர் ஓடிட்டா டாடா ஏஸ் தாராளமா வரும்.

பிரபு, 8:04
இது நல்லா இருக்கு. இன்னிக்கே பேசறேன்

சபா சித்தப்பா, 8:06
இரு. வெட் மிக்ஸ் போடறதுக்கு முன்னாடி வீட்டு டிரெயினேஜ் இணைப்பு முடிஞ்சிருக்கணும். ரவி, குழாய் வாங்கியாச்சா?

சபா சித்தப்பா, 8:19
ரவி?

ரவி சித்தப்பா, 8:40
பின் வீட்டுக்குத் தனி லைன் வேணும்னு நான் முதல்லயே சொன்னேன்ணா. போன தடவை செப்டிக் டேங்க் லாரிக்கு யார் காசு கொடுத்தாங்கன்னு கேளுங்க

ராஜி பெரியம்மா, 8:42
அதுக்கு முன்ன தடவை யார் கொடுத்தாங்கன்னும் கேக்கச் சொல்லு

சபா சித்தப்பா, 8:51
அதை அப்புறம் பேசுங்க. முன் வீட்டு சேம்பர்ல (கழிவுநீர் சேர்ற சின்னத் தொட்டி) இருந்து தெரு மேன்ஹோல் 15 அடி. 110 மி.மீ. பிவிசி குழாய், 60க்கு 1 வாட்டம், அதாவது 3 அங்குலம் இறங்கணும். பின் வீட்டுல இருந்து முன் சேம்பருக்கு 40 அடி, அதுக்கு 8 அங்குலம். மொத்தம் 11 அங்குலம். அண்ணி வீட்டை மட்டும் பாத்து சேம்பரை மேலாப்புல கட்டிட்டா பின் வீட்டுத் தண்ணி ஓடாது, ரவி வீட்டு பாத்ரூம்ல எதுத்துக்கிட்டு நிக்கும். ரெண்டு வீட்டு அளவையும் எடுத்துட்டுத்தான் கொத்தனார் ஆழம் முடிவு பண்ணணும். தண்ணி நிரப்பின டியூப் வெச்சு லெவல் பாருங்க, கண்ணால பாக்காதீங்க. கான்கிரீட் போட்ட பிறகு இணைப்பு கொடுக்கணும்னா புது ரோட்டை உடைக்க அனுமதி, அதுக்குத் தனிப் பணம்.

குமார் மாமா, 8:53
வளைகாப்பு குரூப்பா இது

மீனா அத்தை, 8:55
சம்பந்தி வீட்டுக்காரங்க தாம்பரத்துல இருந்து எப்படி வருவாங்க?

பிரபு, 8:58
பல்லாவரம் வந்து 200 அடி ரோடு, கீழ்க்கட்டளை, அங்கிருந்து மடிப்பாக்கம். மேடவாக்கம் மெயின் ரோட்ல மெட்ரோ தூண் வேலை, அரை மணி முன்னாடியே கிளம்பச் சொல்லுங்க. மேப் நம்ம தெரு திறந்திருக்குன்னு காட்டும், நம்ப வேண்டாம். கார் எல்லாம் கோயில் கிட்டயே நிக்கட்டும்

ராஜி பெரியம்மா, 9:01
தண்ணி லாரி?

சபா சித்தப்பா, 9:07
9,000 லிட்டர் லாரியைக் கூப்பிடாதீங்க அண்ணி. தண்ணி மட்டுமே 9 டன், லாரி எடை தனி. புதுசா மூடின பள்ளம் தாங்காது, கீழ குழாயும் விரிசல் விடும். சம்ப் தொட்டியை சனிக்கிழமைக்குள்ள மெட்ரோ வாட்டர்லயே நிரப்பிக்கோங்க. குடிக்க, சமைக்க 20 லிட்டர் கேன் 10 போதும், 80 பேருக்கு.

பிரபு, 9:10
இன்னொண்ணு. ரோடு மட்டம் எவ்வளவு ஏறும் சித்தப்பா?

குமார் மாமா, 9:11
முன்னாடி மூணு படி ஏறிப் போவோம். இப்ப ஒரு படிதான் மிச்சம். இன்னொரு ரோடு போட்டா பெரிய வீடு பள்ள வீடு

சபா சித்தப்பா, 9:20
அதான் முக்கியம். வெட் மிக்ஸ், கான்கிரீட் கனம் ரெண்டுக்கும் சேத்து முதல்லயே மண்ணை வெட்டி எடுக்கணும். எடுக்காம மேல போட்டா தெருத் தண்ணி உங்க வாசலுக்குத்தான். வேலை முடிஞ்சதும் ரோடு மட்டம் எங்க வரும்னு சூப்பர்வைசரையே காம்பவுண்டு சுவத்துல சாக்பீஸ்ல கோடு போடச் சொல்லி போட்டோ எடு. மறுத்தா மாநகராட்சி புகார் நம்பர் 1913க்கு போன் பண்ணி கம்ப்ளைண்ட் நம்பர் வாங்கி வை.

திவ்யா அக்கா, 9:22
நெட் எப்ப வரும்? ஜேசிபி கேபிளை அறுத்ததுல இருந்து வீட்ல மீட்டிங்கே போட முடியல

மீனா அத்தை, 9:23
ஒன்பதாம் மாசத்துல என்னடி மீட்டிங்

பிரபு, பகல் 12:46
பேசிட்டேன். ஸ்கூல் பக்கம் ஆரம்பிக்க ஓகேன்றான். ரோலர் வியாழன் மாலை. ஆனா நாளைக்கு ராத்திரிக்குள்ள நம்ம இணைப்பு முடியலைன்னா காத்திருக்க மாட்டானாம்

சபா சித்தப்பா, 12:48
ரவி, 20 அடி குழாய் மூணு, பெண்ட் ரெண்டு, குழாய் ஒட்டுற சால்வெண்ட் ஒரு டின். இன்னிக்கே வாங்கிடு.

ரவி சித்தப்பா, 1:30
அண்ணி பாதி தராங்களா, அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க

குமார் மாமா, 1:31
[குரல் பதிவு 0:48]

ராஜி பெரியம்மா, 1:52
வாழை இலை 100 போதுமா மீனா?