பஞ்ச காலத்தைத் தாண்டுவதில் யார் கெட்டி: பிக்மி போஸமா, ஸ்லைம் மோல்டா?

மஞ்சள்வலை:
ஆஸ்திரேலியாவின் மலை பிக்மி போஸம் என்ற குட்டிப் பைப்பாலூட்டி மாதிரி பஞ்ச காலத்தைத் தாண்டும் உயிர் வேறில்லை என்று இங்கே ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. ஃபைசாரம் என்ற மஞ்சள் ஸ்லைம் மோல்டை, அதாவது கொழகொழவென்று படரும் ஓர் உயிரை, ஓட்ஸ் போட்டு வளர்க்கிறேன். ஒரே செல், உள்ளே எக்கச்சக்கமான உட்கருக்கள். ஈரம் வற்றினால் சுருங்கி, ஆரஞ்சுப் பொருக்காகக் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். நான்கு மாதம் டப்பாவில் கிடந்த ஒரு துண்டில் போன வாரம் தண்ணீர் தெளித்தேன். மறுநாள் காலையில் ஓரத்தில் மஞ்சள் நரம்பு கிளம்பியிருந்தது!

பனிமலை:
எழுதியது நான்தான். காய்ந்து கிடப்பது வேறு, தயாராகித் தூங்குவது வேறு. அந்தப் பைப்பாலூட்டி 45 கிராம்தான் இருக்கும். கோடையில் போகாங் அந்துப்பூச்சிகளைத் தின்று கொழுக்கும், விதைகளையும் பதுக்கி வைக்கும். அப்புறம் பனிக்கடியில் பந்தாகச் சுருண்டு மாதக்கணக்கில் உறங்கும். 1895இல் புதைபடிவமாக மட்டுமே அறியப்பட்ட இனம், 1966இல் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஹோத்தம் மலையில் பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் உயிரோடு அகப்பட்டது.

மஞ்சள்வலை:
ஆனால் பனி மெலிந்தால் குளிர் உள்ளே இறங்குகிறது, விழித்து விழித்தே சேர்த்த கொழுப்பு கரைகிறது. 2017–18இல் அந்துப்பூச்சி வரத்து படுத்தபோது தாய்களின் பையிலேயே குட்டிகள் செத்துக் கிடந்தன.

பனிமலை:
அதை நினைத்தாலே மனசு கனக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் போஸத்துக்கு மூளை இருக்கிறது. உங்கள் பொருக்கு எதை நினைவில் வைத்திருக்கும்?

காட்டுநெல்லி:
நடுவில் வருகிறேன். பிரான்சில் துலூஸ் நகரத்து ஆய்வாளர்கள் 2019இல் இதைச் சோதித்தார்கள். உப்பைக் கண்டால் தயங்கும் ஃபைசாரத்தை ஆறு நாள் உப்பில் வைத்துப் பழக்கி, ஒரு மாதம் உலரவிட்டார்கள். எழுந்த பிறகும் அது உப்பைத் தயங்காமல் கடந்தது. சோடியம் உடம்பிலேயே தங்கியிருந்தது.

பனிமலை:
ஊறுகாயிலும்தான் உப்பு தங்குகிறது. அதை நினைவு என்று சொல்வோமா?

மஞ்சள்வலை:
ஊறுகாய் உப்பைத் தாண்டி இரை தேடிப் போகாதே! பழகியது போகிறது, பழகாதது தயங்குகிறது. முன்பு பட்டது இன்றைய நடத்தையை மாற்றினால், எனக்கு அது நினைவுதான்.

பனிமலை:
சரி, அதில் நீங்கள் சொல்வதே இருக்கட்டும். உங்கள் மோல்டு எந்த ஈரத்துக்காகவும் காத்துக் கிடக்கும். போஸத்துக்குக் காயவும் தெரியாது, வெப்பம் ஏறினால் அந்த மலையில் இதற்கு மேல் போக உச்சியும் இல்லை. அதனால்தான் நான் அதன் பக்கமே பேசிக்கொண்டிருக்கிறேன்.