புதுப்பிப்பு: தம்பியின் கடன் வழக்குக்கு சட்டத்தரணி கிடைத்துவிட்டார்

வாழைச்சேனையில் தம்பியின் ஹாட்வெயார் கடை நொடிந்து வங்கி வழக்குப் போட்டதையும், வங்குரோத்துக்கு விண்ணப்பிக்க எந்தச் சட்டத்தரணியைப் பிடிப்பது என்றும் இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

முதலில் பார்த்தவர் கோப்பைத் திறக்காமலே கட்டணம் பேசினார், விட்டுவிட்டோம். இப்போது மட்டக்களப்பு டவுனில் ஒரு அம்மா பார்க்கிறா. கோட்டால் (நீதிமன்றத்தால்) வந்த கடதாசியை வரிவரியாக, பென்சிலால் கோடு போட்டு வாசித்தா. "தம்பி, இது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தில போட்ட வழக்கு. கோட் அனுமதி தராமல் நீங்க எதிர்வாதம் செய்யேலாது. முதல்ல அந்த அனுமதி கேட்டு சத்தியக்கடதாசி போடுவம்" என்றா. 1853ஆம் ஆண்டு வங்குரோத்துக் கட்டளைச் சட்டத்தைப் பிறகு யோசிக்கலாமாம். வீட்டு உறுதி வங்கியிடம் ஈட்டில் (அடமானத்தில்) இருப்பதால், வங்குரோத்தென்று போனாலும் வங்கியின் ஈட்டுரிமை அழியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னா. எனக்கு நம்பிக்கை வந்தது அதில்தான். தம்பியை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை; அவன் கனநாளைக்குப் பிறகு வாய் திறந்து கேள்வி கேட்டான்.

கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் மட்டக்களப்பில் இருக்கிற சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்கு, வந்த கடதாசி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். வழக்குத் தவணை நாளுக்கு முதலே போங்கள்.