பிரெப் தொடங்குமுன் ஹெப்படைட்டிஸ் பி பார்த்தீர்களா?

பிரெப் என்பது எச்ஐவி தொற்றாமலிருக்க முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை. ஹெப்படைட்டிஸ் பி கல்லீரலைத் தாக்கும் கிருமி. சிங்கப்பூரில் 1987 முதல் பிறக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் ஹெப்படைட்டிஸ் பி ஊசி உண்டு. அதற்கு முன் பிறந்தவர்களும் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் போட்டிருப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். இந்தியா முழுக்க இந்த ஊசி அட்டவணையில் சேர்ந்ததே 2011-இல்தான். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடம் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அவர்கள் யார் என்பதல்ல. கிருமி ரத்தத்திலும் விந்திலும் இருக்கிறது, ஆசனவாய்ச் சவ்வு எளிதில் கீறும், அவ்வளவுதான்.

ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய சிங்கப்பூர்ச் சட்டப் பிரிவு 377ஏ போய்விட்டது. குடும்ப டாக்டர் முன்னால் வரும் தயக்கம் போகவில்லை. வாய் திறக்காவிட்டால் பொதுவான ரத்தச் சோதனையோடு முடிந்துவிடும். இந்த மூன்று ஹெப்படைட்டிஸ் பி சோதனைகளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: எச்பிஎஸ் ஆன்டிஜென், ஆன்டி எச்பிஎஸ், ஆன்டி எச்பிசி. முதலாவது இருந்தால் கிருமி இப்போது உடலில் இருக்கிறது. இரண்டாவது 10-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு. மூன்றாவது இருந்தால் எப்போதோ தொற்றியிருக்கிறது. ஊசி போட்ட சில வாரங்களுக்குள் சோதித்தால் ஊசியில் உள்ள ஆன்டிஜெனே (கிருமியின் மேற்புறப் புரதம்) ரத்தத்தில் தெரிந்து வீண் பீதியைக் கிளப்பும். ஆகவே முதலில் சோதனை, பிறகு ஊசி.

*

மேலே சொன்னதோடு பிரெப் விஷயத்தையும் சேர்க்கிறேன், ஆபத்து அங்கேதான் அதிகம். அந்த மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபின் இரண்டும் எச்ஐவியோடு ஹெப்படைட்டிஸ் பி கிருமியையும் அடக்கிவைக்கும். கிருமி இருப்பது தெரியாமல் சாப்பிட்டுவிட்டுச் சட்டென நிறுத்தினால் அது மறுபடி பெருகி, கல்லீரல் கடுமையாக வீங்கலாம். ஏற்கெனவே கல்லீரல் சுருங்கியவருக்கு உயிருக்கே ஆபத்து. நண்பரிடம் மாத்திரை வாங்கி, உறவுக்கு முன் இரண்டு, பின் ஒன்று, மறுநாள் ஒன்று என்று விட்டுவிட்டு எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கிருமி உள்ளவர் நிறுத்துவதென்றால் டாக்டர் கண்காணிப்பில், கல்லீரல் சோதனைகளோடுதான் நிறுத்த வேண்டும்.

*

ஊசி வழக்கமாக மூன்று தவணை: இன்று, ஒரு மாதத்தில், ஆறாம் மாதத்தில். இரண்டாவதோடு நின்றுபோனவர் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து ஆன்டி எச்பிஎஸ் பாருங்கள். எச்ஐவி உள்ளவர்களுக்குச் சில சமயம் ஊசியால் போதிய பாதுகாப்பு வராது. துணைக்குக் கிருமி இருப்பது உறவுக்குப் பிறகு தெரிய வந்தால், ஊசி போடாதவர் 24 மணி நேரத்துக்குள் போய் முதல் ஊசியும் இம்யூனோகுளோபுலினும் (கிருமியை எதிர்க்கும் ஆயத்தப் புரத ஊசி) கேட்க வேண்டும். 14 நாள் தாண்டினால் இம்யூனோகுளோபுலினால் பெரிய பயன் இருக்காது. ரேசர், டூத் பிரஷ் பகிரவே வேண்டாம். காய்ந்த ரத்தத்திலும் இந்தக் கிருமி ஏழு நாள் தாங்கும்.