சர்வரில் ஏற்றியதும் தமிழ் குப்பையாக வருகிறது, சிஎஸ்எஸ் காணோம் – உதவி தேவை

கற்குட்டி:
வணக்கம். வலைப்பக்கம் எழுத எச்டிஎம்எல், அதற்கு நிறம், அமைப்பு கொடுக்க சிஎஸ்எஸ் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். செய்த பக்கத்தைக் கணினியிலேயே க்ரோமில் திறந்தால் எல்லாம் சரி. லினக்ஸ் சர்வரில் ஏற்றினால், தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று குப்பையாக வருகிறது. நிறம், பார்டர் எதுவும் இல்லை. போனில் எழுத்து எறும்பு சைஸ். தமிழ் ஃபாண்ட் ஏற்றவேண்டுமா?

தறிநூல்:
ஃபாண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஃபாண்ட் இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும்.

யூடிஎஃப்-8 என்பது எல்லா மொழி எழுத்தையும் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். சார்செட், அதாவது எந்த முறையில் சேமித்தது என்று, பக்கத்தில் சொல்லாததால் பிரவுசர் அதை விண்டோஸ்-1252 (ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்னும் பழைய முறை) என்று எடுத்துக்கொண்டு மூன்று தனி எழுத்தாகப் படிக்கிறது. தமிழுக்கு முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். அந்தக் கோடு போட்ட ஏ அதுதான். கணினியில் இருக்கும் கோப்பு என்றால் க்ரோம் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், சர்வரிலிருந்து வந்தால் அப்படி ஊகிக்காது.

ஹெட் டேக் திறந்ததும், டைட்டிலுக்கும் முன்னால், மெட்டா டேகில் சார்செட் யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இது வந்துவிட வேண்டும், மேலே நீளமான கமென்ட் வைக்காதீர்கள். அப்படியும் சரியாகாவிட்டால் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் பக்கத்தின் ரெஸ்பான்ஸ் ஹெடரை (பக்கத்தோடு சர்வர் அனுப்பும் குறிப்பு) பாருங்கள். அதில் கன்டென்ட்-டைப் வரியில் வேறு சார்செட் இருந்தால் அதுதான் எடுபடும், மெட்டா எடுபடாது.

ஓரக்கோடு:
சிஎஸ்எஸ்ஸுக்கும் அதே நெட்வொர்க் பகுதிதான். சிவப்பில் 404 (கோப்பு கிடைக்கவில்லை) தெரிகிறதா? அப்படியானால் பெயரில் கோளாறு. விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. லினக்ஸ் கண்டிப்பாகப் பார்க்கும். கோப்பும் ஃபோல்டரும் முழுக்கச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். லிங்க் டேகின் எச்ரெஃப்பில் (கோப்பின் முகவரி) சி டிரைவ் பாதை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அடிக்கடி நடப்பது. திருத்தி ஏற்றியபின் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர். இல்லாவிட்டால் பிரவுசர் சேமித்துவைத்த பழைய பிரதியே (கேஷ்) வந்து நிற்கும்.

போனுக்கு: வியூபோர்ட் மெட்டா (பக்கத்தின் அகலம் சொல்லும் டேக்) இல்லாவிட்டால் பெரும்பாலான போன் பிரவுசர்கள் பக்கத்தை 980 பிக்சல் அகலமாக வைத்துச் சுருக்கிக் காட்டும். விட்த்துக்கு டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேலுக்கு 1 கொடுங்கள்.

கற்குட்டி:
நன்றி அண்ணா, 404தான் இருந்தது. இப்போது நிறம் வந்துவிட்டது, தமிழும் சரி. ஆனால் ஒரு பத்தி மட்டும் முழுக்கக் கேள்விக்குறி. தலைப்பு இரண்டு வரியானால் மேல் வரியின் 'கூ', கீழ் வரியின் 'கி' மேல் இடிக்கிறது. போனில் பக்கம் பக்கவாட்டிலும் நகர்கிறது.

தறிநூல்:
கேள்விக்குறி வேறு கேஸ். அந்தப் பத்தியை எங்கோ ஆன்சி (தமிழுக்கு இடமில்லாத பழைய முறை) என்று சேமித்திருக்கிறார்கள், எழுத்தே அழிந்துபோய்விட்டது. மெட்டா டேக் எதையும் மீட்காது, திரும்ப டைப் செய்ய வேண்டியதுதான். சேவ் ஆஸ் பெட்டியில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று பார்த்துச் சேமியுங்கள்.

ஓரக்கோடு:
தலைப்புக்கு லைன்-ஹைட் (வரி உயரம்) 1 என்று இருக்கும். ஆங்கிலத்துக்கு எழுதிய டெம்ப்ளேட்டில் இது சகஜம். தமிழுக்குத் தலைப்பில் 1.4, பத்தியில் 1.7 வையுங்கள், பிக்சல் போடாமல் வெறும் எண்ணாக.

பக்கவாட்டில் நகர்வது ஏதோ ஒரு பெட்டிக்கு விட்த் 1200 பிக்சல் என்று இருப்பதால். அதை மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) ஆக்குங்கள். படங்களுக்கு மேக்ஸ்-விட்த் 100%, ஹைட் ஆட்டோ. அப்படியும் நகர்ந்தால் அந்த சிஎஸ்எஸ்ஸை இங்கே ஒட்டுங்கள்.