நீர் தேங்கிய மண்ணில் செடி வாடுவது ஏன்?

கேள்வி:
எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். செடிகள் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியிடுகின்றன என்று சொன்ன மறுநாளே, மண்ணில் நீர் தேங்கினால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது என்றும் சொல்ல நேர்ந்தது. "ஆக்சிஜனை உண்டாக்கும் செடிக்கு அது வெளியிலிருந்து ஏன் வேண்டும்? நீரிலேயே நிற்கும் செடி ஏன் வாடுகிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்குச் சரியான விளக்கம் தர விரும்புகிறேன்.

பதில் 1:
மிக நல்ல கேள்வி. ஒளிச்சேர்க்கை பச்சையமுள்ள பகுதிகளில், ஒளி இருக்கும்போது மட்டுமே நடக்கிறது. சுவாசமோ உயிருள்ள எல்லாச் செல்களிலும் இரவும் பகலும் நடக்கிறது. இலை தயாரிக்கும் சர்க்கரை வேருக்கு வந்து சேர்ந்தாலும், நம் இரத்தத்தைப் போல ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஏற்பாடு செடியில் இல்லாததால், அந்தச் சர்க்கரையிலிருந்து ஆற்றல் பெறத் தேவையான ஆக்சிஜனைப் பெரும்பாலான செடிகளின் வேர்கள் மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்தே பெறுகின்றன. நல்ல மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி இத்தகைய துளைகள்தாம். வேர்களும் நுண்ணுயிரிகளும் ஓயாமல் சுவாசிப்பதால், வெளிக்காற்றில் சுமார் 0.04 சதவீதமாக உள்ள கார்பன் டை ஆக்சைடு மண்காற்றில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். துளைகளில் நீர் நிரம்பிவிட்டால், ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுவதால், செலவான ஆக்சிஜனுக்கு ஈடாகப் புதியது வந்து சேர்வதில்லை.

பதில் 2:
வாடுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வேர் அழுகுவதால்தான் செடி வாடுகிறது என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் அழுகல் தொடங்குவதற்கு முன்பே சில செடிகள் வாடத் தொடங்கிவிடும். ஆக்சிஜன் இல்லாதபோது வேர்ச்செல் நொதித்தலை, அதாவது ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறும் முறையை, நம்பி வாழ்கிறது. அதில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து 2 ஏடிபி (செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) மட்டுமே கிடைக்கும், ஆக்சிஜனுடன் சுவாசித்தால் சுமார் 30 கிடைக்கும். செல்லுக்குள் அமிலத்தன்மை கூடுவதால், செல்சவ்வில் நீர் நுழையும் புரத வழிகளும் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் நீர் இருந்தும் வேர் போதிய அளவு உறிஞ்ச முடியாத நிலையில், இலை நீராவிப்போக்கால் நீரை இழந்துகொண்டே இருக்கிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் நெல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? அடுத்து அவள் கேட்கப்போவது நிச்சயமாக இதுதான்.

பதில் 1:
நெல்லின் தண்டிலும் வேரிலும் ஏரன்கைமா எனப்படும் காற்றறைத் திசு உண்டு. இலைவழியே வரும் ஆக்சிஜன் அதனூடாக வேர்வரை பரவுகிறது. அலையாத்தி மரங்கள் சிலவற்றில் சுவாச வேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதும் இதே தேவைக்காகத்தான். வகுப்பில் காட்டுவதற்கு, காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளையிலுள்ள நீரில் மெதுவாக இறக்குங்கள். குமிழ் குமிழாக வெளியேறுவது துளைகளில் இருந்த காற்று; அந்த இடத்தில் நீர் புகுவதை மாணவர்கள் நேரில் காணலாம்.